மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதி: எரிவாயுக் குழாயின் பிளாஸ்டிக் ஃபிட்டிங்குகளும் தரநிலைப் புதுப்பிப்பும்

1. களமும் கேள்வியும்

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் உள்ள குண்டடத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் புதிதல்ல. கிணற்றிலிருந்தும் ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்தும் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவது அதுதான். எல்போ, டீ, கப்ளர், எண்ட் கேப் என்று ஃபிட்டிங்குகளின் பெயர்கள் விவசாயிகளுக்கு மனப்பாடம். வெயிலில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் தண்ணீர் பீறிடும். அறுத்தெடுத்து, சால்வெண்ட் தடவி, வேறொன்றை மாட்டினால் வேலை முடிந்தது. தண்ணீர்க் குழாயில் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

எரிவாயுக் குழாயில் அப்படியில்லை. இணைப்பில் விழும் மயிரிழை விரிசல் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் வளரக்கூடும். கசியும் வாயு மண்ணின் இடைவெளிகளிலும் பழைய குழாய்களின் ஓரத்திலும் ஊர்ந்து, விரிசலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு கட்டடத்துக்குள் போய்த் தேங்கலாம். ஆகவே இங்கே பாதுகாப்பைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய முடியாது. விதியையும் தரநிலையையும் பதிவேட்டையும்தான் நம்ப வேண்டும்.

கொங்குப் பகுதியில் எரிவாயுக் குழாய் என்றதும் நினைவுக்கு வருவது கெயில் திட்டம். கொச்சியிலிருந்து பெங்களூரு செல்லும் அந்தக் குழாய் விளைநிலங்களின் ஊடே போவதை எதிர்த்து மேற்கு மாவட்ட விவசாயிகள் போராடினார்கள். 2013-இல் தமிழக அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 பிப்ரவரியில் கெயிலுக்குச் சாதகமாக முடிந்தது. இடையே 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் குழாய் வெடித்துப் பலர் இறந்தது அச்சத்தைக் கூட்டியது. ஆனால் அந்த விவாதம் முழுவதும் நில உரிமையையும் உயர் அழுத்த எஃகுக் குழாயையும் பற்றியது. நகர எரிவாயு உரிமங்களுக்கான 2018-இன் ஒன்பதாம் ஏலச் சுற்றில் திருப்பூர் மாவட்டம் தனி நகர எரிவாயுப் பகுதியாக ஒதுக்கப்பட்டது. உரிமம் அதானி கேஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தது. இத்தகைய விநியோகம் தெருவுக்குள் நுழையும்போது எஃகு பின்தங்கிவிடும். வீட்டு வாசலுக்கும் ஆலை வாசலுக்கும் வருவது பாலிஎத்திலீன். அதைப் பற்றிப் பொதுவெளியில் நாம் ஏறக்குறைய எதுவும் பேசியதில்லை.

இக்கட்டுரை ஆராயும் கேள்வி இது: தொழில்துறையின் தரநிலை மாறும்போது பாதுகாப்பு விதியையும் அதற்கேற்ப மாற்றினால் போதுமா? என் வாதம்: அந்த மாற்றம் தேவை, ஆனால் அது எதிர்காலத்தை மட்டுமே தொடும். புதைத்துவிட்ட ஃபிட்டிங்குகளையும், இணைப்பு போடும் கையையும், இம்மண்ணின் வெப்பத்தையும் தொடாத புதுப்பிப்பு அரைவேலை.

2. ஃபிட்டிங்கில் என்ன நடக்கிறது

நகர எரிவாயு வலையமைப்பு மூன்று அடுக்குகள் கொண்டது. முதல் அடுக்கு எஃகு. இரண்டாம் அடுக்கில் 7 பார் அழுத்தத்துக்குக் கீழும் 100 மில்லிபாருக்கு மேலும் வாயு ஓடும். மூன்றாம் அடுக்கில் 100 மில்லிபாருக்கும் குறைவு. பிந்தைய இரண்டிலும் மண்ணுக்கடியில் பெரும்பாலும் பாலிஎத்திலீனே பயன்படுகிறது. துருப்பிடிக்காது, வளையும், சுருளாகக் கொண்டுவந்து நீளமாக விரிக்கலாம்.

குழாய் நீளமாக ஓடும் இடத்தில் ஆபத்து குறைவு. அது கிளை பிரியும் இடத்திலும், சேரும் இடத்திலும், எஃகோடு கைகோக்கும் இடத்திலும் தகைவு குவிகிறது. அங்கே உட்காருவது ஃபிட்டிங். இன்று பரவலாக உள்ள எலெக்ட்ரோஃபியூஷன் முறையில் ஃபிட்டிங்கின் உட்சுவரில் மெல்லிய கம்பிச் சுருள் பதிக்கப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி பட்டைக்குறியைப் படித்து, சுமார் 40 வோல்ட் மின்னழுத்தத்தைக் குறித்த நேரத்துக்குச் செலுத்தும். கம்பி சூடாகி, குழாயின் வெளிப்பரப்பும் ஃபிட்டிங்கின் உட்பரப்பும் உருகி ஒன்றாகும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் குழாயின் மேல்தோலில் ஆக்சிஜனேற்றம் அடைந்த மெல்லிய படலம் இருக்கும். அதைச் சுரண்டும் கருவியால் சீராக நீக்க வேண்டும். நீக்கிய பரப்பில் விரல் படக்கூடாது. தூசி, வியர்வை, ஈரம் மூன்றும் பகை. குழாய் நேராக நிற்கக் கவ்வி பூட்ட வேண்டும். உருகியபின் குளிரும் நேரம் முடியும்வரை அசைக்கக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் இணைப்பு அன்றைய அழுத்தச் சோதனையில் தேறிவிடக்கூடும். பலவீனம் பின்னால்தான் வெளிப்படும்.

இங்கேதான் தரநிலையின் எல்லை தெரிகிறது. ஃபிட்டிங்குக்கான தரநிலை தொழிற்சாலையை விட்டு வெளியேறும் பொருளைச் சான்றளிக்கிறது. குழிக்குள் உருவாகும் இணைப்போ அங்கே இணைப்பு போடும் ஜாயிண்டரின் பயிற்சியையும் பொறுமையையும் பொறுத்தது. பொருளுக்கான சான்றை இணைப்புக்கான சான்றாக எடுத்துக்கொள்வது இத்துறையின் பொதுவான மயக்கம்.

3. சட்டம் தரநிலையைக் கடன் வாங்கும் விதம்

இந்தியாவில் இவ்விதிகளின் மூலம் 2006-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டம். அதன்கீழ் அமைந்த வாரியம் நகர எரிவாயு வலையமைப்புகளுக்கான தொழில்நுட்ப, பாதுகாப்புத் தரநிலை ஒழுங்குமுறைகளை 2008-இல் வெளியிட்டது. பின்னர் அவை திருத்தப்பட்டுள்ளன. குழாயின் வேதியியலையும் ஃபிட்டிங்கின் அளவையும் வாரியமே எழுதவில்லை. உலகெங்கும் உள்ள வழக்கப்படி, பிற அமைப்புகளின் தரநிலைகளைச் சுட்டிக்காட்டி அவற்றுக்குச் சட்ட வலு தருகிறது. பாலிஎத்திலீன் எரிவாயுக் குழாய்க்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 14885. பன்னாட்டு அளவில் ஐஎஸ்ஓ 4437, ஐரோப்பாவில் இஎன் 1555, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி2513.

சுட்டிக்காட்டுவதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பதிப்பாண்டோடு சுட்டுவது. அமெரிக்கக் குழாய்ப் பாதுகாப்பு விதிகள் இவ்வழியில் நடக்கின்றன. எந்தத் தரநிலையின் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பட்டியலே இருக்கும். தரநிலை திருத்தப்பட்டாலும் பட்டியலைத் திருத்தும்வரை பழைய பதிப்பே சட்டம். மற்றொன்று, ஆண்டு குறிப்பிடாமல் அப்போதைய பதிப்பு என்று சொல்வது. இந்தியாவின் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் பலவும் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. தர நிர்ணய அமைப்பு அறிவிக்கும் அண்மைப் பதிப்பும் திருத்தங்களும் தாமாகவே செல்லுபடியாகும் என்கின்றன.

முதல் வழியின் நோய் முதுமை. பிளாஸ்டிக் ஃபிட்டிங்குகளிலேயே ஓர் உதாரணம் உண்டு. எரிவாயுவுக்கான பாலிஎத்திலீன் ஃபிட்டிங்குகள் பற்றி 2001-இல் வெளியான ஐஎஸ்ஓ 8085 தொகுப்பு, 2014-இல் ஐஎஸ்ஓ 4437 பல பகுதிகளாக மாற்றியமைக்கப்பட்டபோது அதன் மூன்றாம் பகுதிக்குள் அடங்கிவிட்டது. அதன்பின் 8085 என்ற எண்ணைச் சுட்டும் எந்த விதியும் கொள்முதல் ஆவணமும் உயிரோடு இல்லாத ஒன்றைச் சுட்டுகிறது. உற்பத்தியாளர் புதியதற்குச் சோதிப்பார், ஆய்வாளர் பழையதைக் கேட்பார். இடையில் சான்றிதழ் வெறும் சம்பிரதாயமாகும்.

இரண்டாம் வழியின் நோய் வேறு. விதியை எழுதும் பொறுப்பு, மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஒரு தொழில்நுட்பக் குழுவிடம் போய்ச் சேர்கிறது. இந்தக் கவலை நம் சட்ட வரலாற்றில் புதுச்சேரியிலிருந்தும் எழுந்தது. சென்னை மாநிலத்தின் 1959-ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டத்தை, தன் சட்டம் நடைமுறைக்கு வரும் நாளில் அது எப்படி இருக்குமோ அப்படியே ஏற்பதாகப் புதுச்சேரி 1965-இல் சட்டமியற்றியது. இடைப்பட்ட காலத்தில் சென்னைச் சட்டம் திருத்தப்பட்டது. பி. ஷாமா ராவ் வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, இது சட்டமன்றம் தன் கடமையைக் கைவிட்டதற்குச் சமம் என்று தீர்ப்பளித்தது. பின்னாளில் க்வாலியர் ரேயான் வழக்கில் இக்கோட்பாட்டின் வீச்சு சுருங்கியது. வரியும் குழாயும் ஒன்றல்ல, ஒழுங்குமுறை வாரியமும் சட்டமன்றமல்ல. ஆயினும் அடியிலுள்ள கேள்வி ஒன்றே: நாளை வேறொருவர் எழுதப்போவதை இன்றே ஏற்றுக்கொள்வது எவ்வளவு தூரம் சரி?

4. இருதரப்பு வாதங்கள்

தொழில்துறையின் வாதம் தெளிவானது. பொருள் அறிவியல் வேகமாக வளர்கிறது, விதி மெதுவாக நகர்கிறது, பழைய விதி நல்ல பொருளைத் தடுத்து மட்டமான பொருளைக் காப்பாற்றுகிறது. இதற்கு ஆதாரம் உண்டு. விரிசலை எதிர்ப்பதில் முந்தையவற்றை விஞ்சும் பிஇ 100-ஆர்சி என்ற பாலிஎத்திலீன் வகை, இஎன் 1555-இன் 2021 பதிப்பில் சேர்க்கப்பட்டது. பாறை நிறைந்த குழிகளுக்கு ஏற்ற அந்தப் பொருள் பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் விதியின் கண்ணில் படாது.

எதிர்வாதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. புதுப்பிப்பு என்றாலே இறுக்கம் என்று நாம் கருதிவிடுகிறோம். அமெரிக்கக் குழாய்ப் பாதுகாப்பு நிர்வாகம் 2018 நவம்பரில் வெளியிட்ட பிளாஸ்டிக் குழாய் விதியைப் பாருங்கள். ஃபிட்டிங் தரநிலைகள் பலவற்றைப் புதுப்பித்தது, வெப்ப இணைப்புக் கருவிகளைப் பராமரித்து அளவுத்திருத்தம் செய்யக் கட்டாயமாக்கியது. இவை இறுக்கங்கள். அதே விதி, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட புதிய பாலிஎத்திலீன் குழாய்க்கு வடிவமைப்புக் காரணியை 0.32-இலிருந்து 0.40 ஆக உயர்த்தியது. அதாவது அதே சுவர்த் தடிமனில் 25 விழுக்காடு கூடுதல் அழுத்தம், அல்லது அதே அழுத்தத்துக்கு மெல்லிய சுவர். குழாய்க்கு மூலப்பொருளான நவீனப் பிசின்கள் மேம்பட்டவை என்பதால் இதற்கு நியாயம் இருக்கலாம், ஆனால் இது தளர்வு. இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு குழாயையும் ஃபிட்டிங்கையும் குறியீட்டால் பின்தொடர்ந்து பதிவேட்டில் வைக்க வேண்டும் என்று 2015-இல் முன்மொழிந்த பகுதி, 2018-இன் இறுதி விதியில் இடம்பெறவில்லை. தொழிலுக்குச் செலவு குறைக்கும் பகுதி நிறைவேறியது. நினைவை நிரந்தரமாக்கும் பகுதி தள்ளிவைக்கப்பட்டது.

தரநிலைக் குழுக்களில் உட்காருவோர் பெரும்பாலும் பிசின் தயாரிப்பாளரும், ஃபிட்டிங் தயாரிப்பாளரும், வாயு நிறுவனமும்தான். அறிவு அவர்களிடமே இருப்பதால் இது தவிர்க்க முடியாதது. ஆகவேதான் அவர்கள் முடிவுசெய்ததை மறுபரிசீலனை இன்றிச் சட்டமாக்குவது ஆபத்து.

5. வாட்டர்லூவும் வெஸ்ட் ரீடிங்கும்

நடப்புத் தரநிலை என்பது இறுதி உண்மை அல்ல என்பதை இரண்டு விபத்துகள் காட்டுகின்றன.

1994 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வாட்டர்லூ நகரில் எரிவாயு வெடித்து 6 பேர் இறந்தனர். 1971-இல் புதைத்த பாலிஎத்திலீன் குழாய், எஃகு டீயோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டிருந்தது. அதைத் தொடர்ந்து அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1998-இல் சிறப்பாய்வு ஒன்றை வெளியிட்டது. 1980-களின் தொடக்கம்வரை செய்யப்பட்ட பிளாஸ்டிக் குழாய்களின் வலிமையைக் கணித்த முறையே, உடையும் தன்மையுள்ள விரிசலை அவை எதிர்க்கும் ஆற்றலைக் கூடுதலாக மதிப்பிட்டிருக்கலாம் என்பது அதன் முடிவு. குறுகிய காலச் சோதனைகளின் கோட்டை எதிர்காலத்துக்கு நேராக நீட்டியதில் பிழை நேர்ந்தது. அக்காலத்தின் தொழில்துறைத் தரநிலையைப் பின்பற்றியே அந்தக் குழாய்கள் புதைக்கப்பட்டன.

இரண்டாவது, 2023 மார்ச் 24. பென்சில்வேனியாவின் வெஸ்ட் ரீடிங்கில் சாக்லேட் ஆலை ஒன்று வெடித்து 7 பேர் இறந்தனர். அதே வாரியத்தின் ஆய்வு, 1982-இல் பொருத்திய ஒரு பிளாஸ்டிக் டீயை அடையாளம் கண்டது. டூபாண்ட் நிறுவனத்தின் ஆல்டைல்-ஏ வகை அது. அதற்கு மாற்றாக வேறொன்று பொருத்தப்பட்டு இது ஓய்வுபெற்றிருந்தது, ஆனால் வாயு இணைப்பிலிருந்து துண்டிக்கப்படவில்லை. அருகில் ஆலையின் நிலத்தடி நீராவிக் குழாய் துருப்பிடித்து விரிசல் விட, கசிந்த நீராவி மண்ணைச் சூடாக்கியது. அந்தச் சூடு டீயின் சிதைவை விரைவாக்கியது. வாயு மண்ணுக்குள் பரவிக் கட்டடத்தின் அடித்தளத்தை அடைந்தது.

இந்த இரண்டாம் விபத்தை எந்தத் தரநிலைப் புதுப்பிப்பும் தடுத்திருக்காது. வடிவமைப்பு, நிறுவல், தொடக்கச் சோதனை பற்றிய புதிய விதிகள் ஏற்கெனவே உள்ள குழாய்களுக்குப் பொருந்தா என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. தோண்டி எடுத்து மாற்றும் செலவைக் கருதினால் இதற்குக் காரணம் உண்டு. ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். 2018-இன் விதி 2019-க்குப் பின்னான ஃபிட்டிங்கை ஆள்கிறது, 1982-இன் ஃபிட்டிங் 1982-இன் அறிவோடு மண்ணுக்குள் கிடக்கிறது. அதை எட்டக்கூடியது பராமரிப்பு விதியும், எங்கே என்ன இருக்கிறது என்ற பதிவும் மட்டுமே.

6. இம்மண்ணின் கணக்கு

பாலிஎத்திலீன் குழாயின் வலிமை 20 பாகை செல்சியஸில் 50 ஆண்டுகளுக்கு எனக் கணிக்கப்படுகிறது. பிஇ 80 என்றால் 8 மெகாபாஸ்கல், பிஇ 100 என்றால் 10. வெப்பம் ஏறினால் அனுமதிக்கும் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலைகளின்படி 30 பாகையில் 1.1-ஆலும் 40 பாகையில் 1.3-ஆலும் வகுக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விட்டத்துக்கும் சுவருக்கும் உள்ள விகிதம் 11 ஆன தடித்த பிஇ 80 குழாய், பாதுகாப்புக் கெழு 2 எனக் கொண்டால், 20 பாகையில் 8 பார் தாங்கும். 40 பாகையில் அது ஏறத்தாழ 6.2 பார். வாயு வழக்கமாக 4 பார் அளவில் ஓடுமானால் இடைவெளி போதும். விகிதம் 17.6 ஆன மெல்லிய சுவருக்கு 20 பாகையில் 4.8 பார். 30 பாகையில் 4.4 ஆகிறது, 40 பாகையில் 3.7 ஆகிவிடுகிறது. அதாவது 4 பாருக்குக் கீழே. ஐரோப்பாவில் வசதியாகத் தேறும் ஒரு தேர்வு இங்கே விளிம்பில் நிற்கிறது.

ஒரு மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம், ஓர் ஊரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பத்தை ஒட்டியே இருக்கும். கொங்குச் சமவெளியில் அது 20 பாகையைவிட வெகுவாக அதிகம். எனவே 20 பாகை என்ற அடிப்படை நமக்கு ஒருநாளும் பொருந்தாது, திருத்தக் காரணியோடுதான் நம் கணக்கு தொடங்க வேண்டும். மெதுவாக வளரும் விரிசலும் வெப்பத்தில் வேகமெடுக்கும். ஃபிட்டிங்கின் முனைகளில் தகைவு ஏற்கெனவே குவிந்திருப்பதால் பாதிப்பு அங்கே முதலில் தெரியும்.

வெஸ்ட் ரீடிங் நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. திருப்பூர்ப் பட்டையில் நீராவி இல்லாத சாயப்பட்டறை இல்லை. கழிவுநீரே வெளியேறாத முறை நிறைவேறும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. அம்முறைக்கான ஆவியாக்கிகளும் நீராவியை விழுங்குபவை. பாய்லர், நீராவிக் குழாய், சூடான கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு அருகில்தான் ஆலைகளுக்கான எரிவாயு இணைப்பும் வரும். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை ஆலைக்குள் வேலை பார்க்கும் ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் அறிந்திருக்கிறார்களா என்பதே உண்மையான பாதுகாப்புக் கேள்வி.

குண்டடம் பக்கத்தில் மேல்மண் மெல்லியது, அதன்கீழ் பாறையும் கல்லும். குழியில் நைஸ் மணல் படுக்கை இல்லாமல் தோண்டிய கல்லையே திருப்பிக் கொட்டினால், குழாயின் மேல் கூர்முனை அழுத்திக்கொண்டே இருக்கும். அதன்மேல் சாலை அகலப்படுத்தவும், குடிநீர்க் குழாய் போடவும், இணையக் கம்பி இழுக்கவும் பொக்லைன் வரும். பாலிஎத்திலீனில் உலோகம் இல்லாததால் மேலிருந்து உலோகம் காணும் கருவியால் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே கூடவே ஒரு கம்பி புதைப்பதை அல்லது வேறு வழியை அமெரிக்க விதி கேட்கிறது. தோண்டுமுன் தகவல் கேட்கும் செயலியை ஒன்றிய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. வாடகைக்குப் பொக்லைன் ஓட்டும் இளைஞர் அதைத் திறந்து பார்த்தால்தான் அது பாதுகாப்பு.

7. எதைப் புதுப்பிக்க வேண்டும்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு முடிவுகள் பிறக்கின்றன.

முதலாவது, சுட்டும் முறை. ஃபிட்டிங்குகளைப் பொறுத்தவரை, பதிப்பாண்டோடு சுட்டி, குறித்த கால இடைவெளியில் கட்டாய மறுபார்வை வைப்பதே இரு நோய்களுக்கும் நடுவிலான வழி. மறுபார்வையில் ஒவ்வொரு மாற்றமும் இறுக்கமா தளர்வா என்று வாரியம் வெளிப்படையாக எழுத வேண்டும்.

இரண்டாவது, வாசிக்கும் உரிமை. இந்தியத் தரநிலைகளை இன்று பொதுமக்கள் இலவசமாகத் தரவிறக்க முடிகிறது. பன்னாட்டுத் தரநிலைகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றம் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, குழாய்ப் பாதுகாப்பு விதி சுட்டும் ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றது. 2013-இல் இணையம் என்ற நிபந்தனையை நீக்கிக்கொண்டது. விதியாகிவிட்ட ஓர் ஆவணம் விலைக்குப் பின்னால் இருக்கக்கூடாது. குறைந்தபட்சம், எந்த ஆழம், எந்த இடைவெளி, எந்த நிற எச்சரிக்கை நாடா என்ற சுருக்கமாவது தமிழில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, உள்ளூர்க் காரணி. வெப்பத் திருத்தத்துக்கான மண் வெப்பநிலையை மாவட்ட வாரியாக அளந்து விதியின் இணைப்பாகத் தர வேண்டும். நீராவிக் குழாய்க்கும் பாலிஎத்திலீனுக்கும் இடையிலான தூரத்தை, தொழிற்சாலை ஆய்வின்போது பார்க்கும் இனமாகச் சேர்க்க வேண்டும்.

நான்காவதும் முதன்மையானதும் பதிவேடு. எலெக்ட்ரோஃபியூஷன் பெட்டி ஒவ்வொரு இணைப்பின் தேதி, நேரம், மின்னழுத்தம், ஃபிட்டிங்கின் தொகுதி எண், ஜாயிண்டரின் அடையாளம் ஆகியவற்றைச் சேமிக்கக்கூடியது. இக்குறியீடுகளுக்கு ஐஎஸ்ஓ 12176 தொகுப்பும் ஏஎஸ்டிஎம் எஃப்2897-உம் ஏற்கெனவே வடிவம் தந்திருக்கின்றன. தொழில்நுட்பம் கையில் உள்ளது. அந்தத் தரவு ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியில் முடங்காமல், இடக்குறியீட்டோடு வாரியத்தின் காப்பில் வலையமைப்பின் ஆயுள் முழுவதும் இருக்க வேண்டும். உரிமம் கைமாறினாலும் பதிவு அறுபடக்கூடாது. ஓய்வுபெற்ற ஃபிட்டிங்குகளுக்குத் தனிப் பட்டியலும், அவை துண்டிக்கப்பட்டதற்கான சான்றும் வேண்டும்.

செலவு கூடும் என்ற மறுப்பு வரும். பழைய நகரங்களுக்கு அது உண்மை. அங்கே பல பத்தாண்டுப் புதையலைத் தோண்டித் தேட வேண்டும். திருப்பூர் மாவட்டத்தின் வலையமைப்பு இளையது. குழி திறந்திருக்கும்போதே எழுதிவைக்க ஆகும் செலவு மிகச் சிறிது.

8. முடிவுரை

தரநிலையைப் புதுப்பிப்பது அறிவை ஒப்புக்கொள்வது. வாட்டர்லூ காட்டியபடி இன்றைய அறிவிலும் நாளை பிழை கண்டுபிடிக்கப்படலாம். அந்நாளில் ஒரு குறிப்பிட்ட பிசின், ஒரு குறிப்பிட்ட ஆண்டின் டீ, ஒரு குறிப்பிட்ட தொகுதி ஆகியவை சந்தேகத்துக்கு உள்ளாகும். அவை குண்டடத்தில் எந்தத் தெருவில், எந்த ஆலை வாசலில், எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று ஒரு நாளில் சொல்ல முடிந்தால் பழைய விதியின்கீழ் புதைந்ததைப் புதிய அறிவால் காப்பாற்றலாம். சொல்ல முடியாவிட்டால் எத்தனை புதிய பதிப்பு வந்தாலும் பயனில்லை. ஒழுங்குமுறை வாரியத்திடமும் உரிமம் பெற்ற நிறுவனத்திடமும் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்தத் தரநிலையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதல்ல. புதைத்த ஒவ்வொரு ஃபிட்டிங்கின் பதிவும் யாரிடம் இருக்கிறது என்பதே.